கொம்பனா செம்பனா: தென்னந்தோப்பில் இரண்டு வண்டுகள்

ஜூன் 4 (வாசகர் ஒருவரின் கேள்வி)

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கேரளப் பக்கம் 3 ஏக்கர் தோப்பு, 200 மரம், பாதி இளமரம். கோடை மழைக்கு அப்புறம் விரிந்த மட்டையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி முக்கோணம் முக்கோணமாகக் குறைந்து நிற்கிறது. கொம்பு வண்டு என்று தெரியும், தினமும் ராத்திரி லைட்டடியில் வந்து விழுகிறது. தென்னைக்கு எமன் இதுதான், சிவப்புக் கூன்வண்டு எங்கோ ஒன்றிரண்டு மரத்தில் வருவது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மருந்துக் கடையிலும் வண்டுக்கு வண்டு வேறு மருந்து எதற்கு, ஒன்றே போதும் என்கிறார்கள். நீங்கள் இரண்டையும் பார்த்தவர். என்ன சொல்கிறீர்கள்?

ஜூன் 4, இரவு

எமன் எது என்பதில் தவறு. கொம்பு வண்டு செய்கிற சேதம் ரோட்டிலிருந்தே தெரியும், அதனால் பெரிதாகப் படுகிறது. 200 மரத்தில் 60 மரத்தின் மட்டையைக் குதறிவிட்டு, வளர்ந்த மரம் ஒன்றைக்கூடச் சாகடிக்காமல் அது போய்விடலாம். கூன்வண்டு 60 மரத்துக்கு வராது. ஒரு மரத்துக்கு வரும், அந்த மரம் போய்விடும். நாளை விளக்கமாக எழுதுகிறேன், ராத்திரி 2 மணிக்கு மோட்டார் போட எழுந்திருக்க வேண்டும்.

ஜூன் 5

முதலில் பெயர். பொள்ளாச்சிப் பக்கம் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு. கேரளத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையாளத்தில் கொம்பன் செல்லி, செம்பன் செல்லி. புத்தகத்தில் ஒரிக்டிஸ் ரைனோசெரஸ், ரிங்கோஃபோரஸ் ஃபெருஜினியஸ். நான் கொம்பன், செம்பன் என்றே எழுதப் போகிறேன். மரமேறுகிறவரிடம் சொன்னால் உடனே புரிவது இந்தப் பெயர்தான், வாய்க்கும் சுலபம்.

நேற்று லைட்டடியில் விழுந்த ஒரு கொம்பனையும், பொறி வாளியில் கிடந்த ஒரு செம்பனையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொம்பன் 4 செ.மீ. இருக்கும், கறுப்பு, எண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு, அடிவயிற்றில் மட்டும் செம்பட்டை மயிர். உள்ளங்கையில் வைத்து விரலை மூடினால் இடுக்கில் காலை ஊன்றித் தள்ளும் பாருங்கள், அந்தப் பலத்தில்தான் அது குருத்துக்குள் இறங்குகிறது. செம்பன் அதைவிடச் சிறியது, ஒல்லி, 3, 3.5 செ.மீ., துருப்பிடித்த கடப்பாரையின் நிறம், கழுத்துக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். முகத்திலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு மூக்கு வளைந்து இறங்குகிறது. அந்த மூக்கு நுனியில்தான் வாய் இருக்கிறது. அதைக் கொண்டுதான் பெண் மரத்தின் புண்ணில் துளை போட்டு, துளைக்குள் முட்டை வைக்கிறது.

கொம்பன் ராத்திரி ஆள். செம்பன் பெரும்பாலும் பகலில் நடமாடும். லைட்டடியில் கொம்பனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு செம்பன் அபூர்வம் என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சேதம். இன்னும் விரியாத குருத்துக்குள், பாளைக்குள் கொம்பன் துளைத்துக்கொண்டு போகிறது. மென்று சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு நாரை வெளியே தள்ளுகிறது. குருத்தில் ஓலை மடிப்பு மடிப்பாக இருப்பதால் ஒரே துளை பல மடிப்பில் விழுகிறது. சின்ன வயதில் காகிதத்தை மடித்து ஓரத்தைக் கத்தரித்து விரிப்போமே, அதேதான். நீங்கள் பார்க்கிற முக்கோணம் போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ நடந்தது. வண்டு அப்போதே அங்கிருந்து போயாயிற்று. அந்த மட்டைக்கு இப்போது மருந்து அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

ஜூன் 5, மதியம்

ஒன்று கேட்டிருக்கிறார்கள்: கொம்பு இருப்பது ஆண், இல்லாதது பெண் என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. இரண்டுக்கும் கொம்பு உண்டு, ஆணுக்குக் கொஞ்சம் நீளம், பெண்ணுக்குக் குட்டை. புரட்டிப் பின்பக்கம் பாருங்கள், வால் நுனியில் செம்பட்டை மயிர் அடர்த்தியாகக் கொத்தாக இருந்தால் பெண். செம்பனில் மூக்கின் மேல் பிரஷ் மாதிரி மயிர் இருந்தால் ஆண், வழவழவென்று இருந்தால் பெண். பொறியில் விழுந்ததில் பெண் எத்தனை என்று எண்ணி வைப்பது நல்ல பழக்கம்.

ஜூன் 9

நம்மில் பாதிப் பேர் குழம்புவது இந்த இடத்தில்: கொம்பனின் புழு உயிருள்ள தென்னையைத் தொடவே தொடாது. அது இருப்பது எருக்குழியில், மக்கின மட்டைக் குவியலில், மஞ்சிக் (தேங்காய் நார்) கழிவில், உளுத்துப்போன தென்னைக் கட்டையில். முட்டை பொரிக்க 8 முதல் 12 நாள். புழுவாக மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைகூட இருக்கும். அப்புறம் மண்ணுக்குள் கூடு, அதில் மூன்று நான்கு வாரம். அதற்குப் பிறகு வண்டாகி மரத்துக்கு வருகிறது, மாதக்கணக்கில் உயிரோடு சுற்றுகிறது. ஆக மரத்துக்குப் பகை வளர்ந்த வண்டு மட்டும்.

செம்பனில் அப்படியே தலைகீழ். வண்டு மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, குடைந்து கொல்வது புழு. முட்டை 2 முதல் 5 நாளில் பொரிந்துவிடும். சுமார் இரண்டு மாதம் புழு தண்டுக்குள்ளேயே தின்று, அங்கேயே நாரைச் சுற்றிக் கூடு கட்டி, வண்டாகி வெளியே வருகிறது. சில சமயம் வெளியே வராமல் அதே மரத்துக்குள்ளேயே அடுத்த தலைமுறை ஆரம்பித்துவிடும். ஒரு பெண் 200, 300 முட்டை வரை வைக்கும். தென்னைக்கு உச்சியில் இருப்பது ஒரே ஒரு வளர்முனை, மா மரம் மாதிரிப் பக்கக் கிளை விட்டுப் பிழைக்க வழியில்லை. அந்த முனையைப் புழு தொட்டால் மரம் முடிந்தது.

புழுவைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். கொம்பன் புழு சோற்றுக் கரண்டி வளைவு மாதிரி வளைந்து கிடக்கும், முன்னால் மூன்று ஜோடிக் கால், பின்பக்கம் உப்பி சாணி நிறம் உள்ளே தெரியும். செம்பன் புழுவுக்குக் கால் கிடையாது. நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கின சதைத்துண்டு, மஞ்சள் கலந்த வெள்ளை, பழுப்புத் தலை.

ஜூன் 10

செம்பனை இவ்வளவு தீவிரமாகச் சொல்ல என்ன காரணம் என்று ஒருவர் கேட்டார். எங்கள் கிணற்றடி மரம்தான் காரணம்.

நெட்டை குட்டை ஒட்டு, அப்பா வைத்தது, 9 வயது. தோப்பிலேயே அதிகம் காய்த்த மரம். ஒரு ஆடி மாதம் குருத்தில் கொம்பன் துளை பார்த்தேன். மரமேறுகிற சேட்டன் செல்லிக்கோலை (வண்டு எடுக்கிற கொக்கிக் கம்பி) விட்டுக் குத்தி வண்டை வெளியே எடுத்துப் போட்டார். வண்டு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன். துளையை அடைக்கச் சொல்லி அவர் இரண்டு தடவை சொன்னார், மணலும் வேப்பம்புண்ணாக்கும் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னவன் நான். தரவில்லை.

ஐப்பசியில் உள்மட்டைகள் மஞ்சள் அடித்தன. வெளிமட்டை பச்சையாக இருக்க உள்மட்டை வெளுக்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பொட்டாஷ் குறைவு என்று நினைத்து இரண்டு கிலோ வைத்தேன். கார்த்திகையில் தண்டில் நெஞ்சு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு வடிசல், காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. சாறு வடிதல் நோய் என்று நினைத்து அந்த இடத்தைச் செதுக்கிப் போர்டோ பசை என்ற பூஞ்சை மருந்தைப் பூசினேன். செதுக்கும்போது மென்று துப்பின கரும்புச் சக்கை மாதிரி நார் உதிர்ந்தது, அதையும் கவனிக்கவில்லை. சாறு வடிதல் நோயில் அந்தச் சக்கை வராது. இது இன்றைக்குத் தெரிகிறது.

சேட்டன்தான் ஒரு நாள் மரத்தில் காதை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நானும் வைத்தேன். பக்கத்து அறையில் மாடு வைக்கோல் மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு. ஒரு இடத்தில் கேட்டதை அரை அடி மேலேயும் கேட்க முடிந்தது, வேறு தாளத்தில். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பதினைந்து நாளில் ஒரு காற்றுக்குக் கொண்டை ஒருபக்கம் சாய்ந்து தொங்கிவிட்டது.

வெட்டிப் பிளந்தோம். ஊசிப்போன கள்ளின் புளிச்ச நாற்றம் வாசல் வரை அடித்தது. உள்ளே தண்டு என்று ஒன்றும் இல்லை, ஈரச் சக்கைதான். அதற்குள் விரல் நீளத்துக்கு நார் சுற்றின கூடுகள், கயிறு திரிக்கிறவர் பழகுவதற்குச் சுற்றிப் போட்ட மாதிரி அவ்வளவு ஒழுங்காக. ஒவ்வொன்றாக உரித்தேன். சிலதில் புழு, சிலதில் வெள்ளை வண்டு, சிலதில் சிவந்து கிளம்பத் தயாரான வண்டு. எண்ணியவரை 74. அம்மா இரண்டு நாள் கிணற்றடிக்கு வரவில்லை.

ஜூன் 10, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வேலந்தாவளத்து நண்பர் கேட்கிறார், கொம்பன் குருத்தில் போட்ட துளைக்கும் தண்டில் செம்பன் வந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று. நேர் சம்பந்தம். புண்பட்ட தென்னையில் சாறு கசிந்து புளிக்கிற வாசனைக்கு செம்பன் வருகிறது. கொம்பன் துளை, குருத்தழுகல், ஏறுவதற்குத் தண்டில் வெட்டின படி, பச்சை மட்டையை அடியோடு சீவின இடம், பவர் டில்லர் மோதின அடிமரம், எல்லாமே அதற்கு வாசல்.

தென்னைத் தண்டில் புண் ஆறாது. வேம்பில் பட்டையைக் கீறினால் ஓரம் உப்பி மூடிவரும், தென்னையில் அப்படி மூடுகிற அடுக்கே கிடையாது. 20 வருஷத்துக்கு முன் வெட்டின படி இன்றைக்கும் அப்படியே இருக்கிறதே, போய்ப் பாருங்கள். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். அந்தக் காம்பில் செம்பன் முட்டை வைத்தாலும் புழு தண்டுக்கு வந்து சேருவதற்குள் காம்பு காய்ந்துவிடும். பார்ப்பதற்கு அழகில்லைதான்.

ஜூன் 16

துபாய்ப் பக்கம் பேரீச்சைத் தோட்டத்தில் 11 வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த எங்கள் மாமா ஒருவர், வாளியில் கிடந்த செம்பனைப் பார்த்ததும், "இது அங்கேயும் இருக்குதுங்க மாப்பிள்ளை, இதுக்குன்னு தனியா ஆள் போட்டுத் தேடுவாங்க" என்றார். உண்மைதான். 1906லேயே இந்தியாவில் தென்னைப் பூச்சி என்று எழுதி வைத்திருக்கிறார்கள், நம் பக்கத்து ஆள்தான் இது. 1980களின் நடுவில் வளைகுடாவுக்குப் போயிற்று, 1990களில் எகிப்து, ஸ்பெயின். உள்ளே புழு இருந்த கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனதுதான் வழி. 2017இல் ரோமில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இந்த ஒரு வண்டுக்காக நாடுகளைக் கூட்டிப் பேசியிருக்கிறது.

கொம்பனும் ஊர் சுற்றினதுதான். 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றோடு பசிபிக் கடலில் இருக்கிற சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்து அந்தக் கடல் பக்கமெல்லாம் பரவிற்று. 2007இல் குவாம், 2013இல் ஹவாய். அங்கே கட்டுப்படுத்த இயற்கை எதிரி இல்லாமல் வளர்ந்த மரத்தையே கொல்கிறது. முதல் குறிப்பில் கொம்பன் வளர்ந்த மரத்தைச் சாகடிக்காமல் போகலாம் என்று எழுதினேன். அதை நம் ஊருக்கு மட்டும் என்று படித்துக்கொள்ளுங்கள். இங்கேயும் இரண்டு மூன்று வயதுக் கன்று என்றால் கணக்கு வேறு, ஒரே துளையில் வளர்முனை போய்விடும். உங்கள் தோப்பில் பாதி இளமரம் என்றீர்கள், அந்தப் பாதிக்குக் கொம்பனும் எமன்தான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 17

இளமரத்துக்கு நான் செய்வது: நடுக்குருத்தைச் சுற்றியுள்ள மூன்று மட்டை இடுக்கில் ஆளுக்கொன்றாக மூன்று பாச்சை உருண்டை, மேலே மணல், 45 நாளுக்கு ஒரு தடவை. பெரிய மரத்துக்கு வேப்பம்புண்ணாக்கும் மணலும் சம அளவு கலந்து மட்டை இடுக்கில், வருஷத்துக்கு மூன்று தடவை, காய் வெட்டு அன்றைக்கே ஏறுகிறவரிடம் கொடுத்துவிட்டால் தனிக்கூலி கேட்கமாட்டார். பழைய மீன் வலையைக் குருத்தடியில் சுற்றி வைத்தால் கொம்பன் காலும் கொம்பும் மாட்டிக்கொண்டு கிடக்கும். குவாமிலும் இதைச் செய்கிறார்கள். எனக்கு வலை நன்றாக வேலை செய்தது, ஆனால் இரண்டு தடவை ஓணான் மாட்டிச் செத்தது. மனசு கேட்காமல் எடுத்துவிட்டேன்.

ஜூலை 2

எருக்குழியைப் புரட்டினேன். மூன்று வருஷமாகச் செய்கிற வேலை: புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது. இந்தத் தடவை தரையில் கொட்டின புழுக்களில் சில மல்லாந்து படுத்து முதுகாலேயே நகர்ந்து போயின. கால் இருக்கிறது, ஆனால் காலை ஆகாசத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு முதுகால் போகிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடிப் படித்ததில், இவை கொம்பன் புழுவே இல்லை. பூவில் வந்து உட்காரும் வேறு வகை வண்டின் புழு, குப்பையைத் தின்று எருவாக்குவது மட்டும்தான் அதன் வேலை. கொம்பன் புழு தரையில் போட்டால் பக்கவாட்டில் வளைந்து கிடக்கும், இல்லை காலால் தட்டுத் தடுமாறும். மூன்று வருஷத்தில் எத்தனை நல்ல புழுவைக் கோழிக்குப் போட்டேனோ. ஜூன் 9 அன்று எருக்குழியில் இருக்கிற வளைந்த புழு எல்லாம் கொம்பன் என்று தோன்றுகிற மாதிரி எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். தரையில் விட்டு அரை நிமிஷம் பாருங்கள், முதுகால் போனால் திரும்பக் குழியிலேயே விடுங்கள்.

ஜூலை 3

எருக்குழிக்கு மருந்து கேட்டவருக்கு. விஷம் ஊற்றாதீர்கள், அந்த எருதான் நாளைக்கு வயலுக்கு வருகிறது. பச்சை மஸ்கார்டின் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது, மெட்டாரைசியம். தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றினால், ஈரம் இருந்தால், புழு விறைத்துச் செத்து மேலெல்லாம் பச்சைப் பொடி பூத்துக் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது யாரோ மஞ்சளும் நீலமும் கலந்து தூவினார்களா என்றிருந்தது. கேரளப் பக்கம் வேலியோரம் தானாக வளர்கிற பெருவலம் செடியைப் பிடுங்கி எருக்குழியில் போடச் சொல்வார்கள், புழு சரியாக வளர்ந்து வண்டாவதை அது கெடுக்கிறது. காசில்லாத வைத்தியம்.

கொம்பனுக்கென்றே ஒரு வைரஸும் உண்டு. 1960களில் அலோயிஸ் ஹூகர் என்பவர் மலேசியாவில் கண்டுபிடித்தது. 1967இல் சமோவாவில் விட்டார்கள், அங்கே கொம்பன் வெகுவாகக் குறைந்தது. நம் பக்கம் லட்சத்தீவில் மினிக்காயில் 1980களில் விட்டிருக்கிறார்கள். வைரஸ் ஏற்றின வண்டை ஏக்கருக்கு ஐந்தாறு என்று தோப்பில் விட்டால் போதும், அதுவே போய் மற்ற வண்டுக்கும் எருக்குழிப் புழுவுக்கும் ஒட்டிவைக்கும். காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், அதன் காயங்குளம் கிளை, இரண்டும் இதில் நிறைய வேலை செய்தவை.

செம்பனுக்கு இப்படி வயலில் கைகொடுக்கிற ஒரு வைரஸோ பூஞ்சையோ என் அனுபவத்தில் இல்லை. தண்டுக்குள் இருப்பவனை எதுவும் எளிதில் போய்த் தொடாது.

ஜூலை 3, இரவு

பேரன் ஒரு கொம்பனைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறான். நூல் கட்டிக் காலித் தீப்பெட்டி ஆறு இழுக்க வைத்துவிட்டான். ஏழாவதுக்கு முயற்சி நடக்கிறது.

ஜூலை 21

பொறி பற்றிப் பலர் கேட்டதால் ஒன்றாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் வண்டை இழுக்கிற வாசனை மாத்திரை தனித்தனி. கொம்பனுக்குரியதை வைத்தால் செம்பன் வராது, செம்பனுக்குரியதில் கொம்பன் வராது. வாங்கும்போது கவரில் பெயர் பாருங்கள், நம் பகுதியில் ஒரு கடையில் எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் காலி வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பூச்சியே இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செம்பன் பொறிக்கு மாத்திரை மட்டும் போதாது, தின்பண்டம் வேண்டும். வாளியின் மேல்பக்கம் நான்கு துளை, வெளியே சாக்கு சுற்ற வேண்டும், வழவழ வாளியில் செம்பனால் ஏற முடியாது. உள்ளே தண்ணீர், அதில் புளித்த பழமோ நசுக்கின கரும்போ கொஞ்சம் ஈஸ்ட்டோடு. நம் சித்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதைவிட நல்லது கைவசம் இருக்கிறது, கள். கள் இறக்குகிற சேட்டனிடம் அடியில் தங்குகிற மண்டியைக் கேட்டு வாங்கி ஊற்றினேன், பழம் போட்ட வாளியைவிட இரண்டு பங்கு விழுந்தது. வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும், மாற்றாமல் அழுகவிட்டால் வராது.

வாளியை இளமரத்தின் மேல் தொங்கவிடாதீர்கள். வாசனைக்கு வருவதெல்லாம் வாளிக்குள் விழாது, சில பக்கத்து மரத்தில் இறங்கிவிடும். தனிக் கம்பு நட்டுத் தொங்கவிடலாம். செம்பனுக்கு இரண்டரை ஏக்கருக்கு ஒன்று, கொம்பனுக்கு ஐந்து ஏக்கருக்கு ஒன்று போதும். நான் மட்டும் வைத்து, வரப்புக்கு அந்தப் பக்கம் யாரும் வைக்காவிட்டால் அவர்கள் வண்டையும் சேர்த்து நான்தான் கூப்பிடுகிறேன் என்று ஆகிறது. நாங்கள் ஏழு தோப்புக்காரர்கள் சேர்ந்து வைத்த வருஷம்தான் வித்தியாசம் தெரிந்தது.

ஜூலை 22

கள் இறக்குகிற மரத்துக்கு செம்பன் அதிகம் வருமா என்று கேள்வி. பாளை சீவின வாசனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மரத்துக்கு ஒரு ஆள் தினமும் ஏறுகிறார், கொண்டையைப் பார்க்கிறார், துளை இருந்தால் அன்றைக்கே கண்ணில் படுகிறது. என் மரத்தை 45 நாளுக்கு ஒரு தடவைதான் ஒருவர் பார்க்கிறார், அதுவும் கீழே நின்று தொரட்டியால் வெட்டினால் அதுவும் இல்லை. மூங்கில் தொரட்டி வந்தபிறகு கொண்டையை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

ஆகஸ்ட் 13

இதை எழுதாமல் தூக்கம் வரவில்லை. ஜூன் 4 அன்று, எது எமன் என்று இரண்டில் ஒன்றைக் காட்டினேன். இன்றைக்குத் தெற்கு வரப்புப் பக்கம் போனபோது கிணற்றடி மரத்தின் கட்டை கிடந்தது. வெட்டிப் பிளந்தபின் கொண்டைப் பகுதியை எரித்தோம், அடித்துண்டு இரண்டைப் பாலம் மாதிரி வாய்க்காலில் போட்டது பிறகு அங்கே ஒதுங்கியிருக்கிறது. உளுத்துவிட்டது. கடப்பாரையால் நெம்பினேன். வளைந்து வளைந்து கொம்பன் புழு, மூன்று ஜோடிக் கால், தரையில் போட்டும் பார்த்தேன், முதுகால் போகவில்லை. ஒரே துண்டில் 31.

கொம்பன் துளைக்கு செம்பன் வந்தது, செம்பன் மரத்தைக் கொன்றது, கொன்ற மரத்தில் கொம்பன் பிள்ளை வளர்க்கிறது, அது வண்டாகிப் போய் அடுத்த மரத்தில் துளை போடும். நான்கு வருஷமாக என் வரப்பில் இது நடந்துகொண்டிருக்கிறது, நான் ஒன்றைக் குருத்திலும் மற்றதைத் தண்டிலும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன். எது பெரிய எதிரி என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு யாரும் கொம்பனை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். செத்த தென்னையைத் தோப்பில் கிடத்தாதீர்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள், முடியாவிட்டால் அறுத்துப் பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 14

கட்டையை எரித்தாயிற்று. அம்மாவும் வந்து நின்றார்.

செப்டம்பர் 6

கேள்வி கேட்டவர் தன் மரம் ஒன்றின் தண்டில் சக்கையும் வடிசலும் இருப்பதாக எழுதியிருக்கிறார், உயரம் இடுப்பளவு, உள்மட்டை இன்னும் பச்சை. உள்மட்டை பச்சையாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. துளைகளை எண்ணுங்கள். மேலே இருப்பதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் களிமண்ணாலோ சிமெண்ட்டாலோ அடையுங்கள். மேல் துளையில் புனலை வைத்துக் கரைசலை ஊற்றி அதையும் அடைத்துவிட வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் கிருஷி பவனில் (கேரள வேளாண்மை அலுவலகம்) கேட்டுக்கொள்ளுங்கள், கேரளாவில் விற்க அனுமதி உள்ளதும் தமிழ்நாட்டில் உள்ளதும் ஒன்றல்ல, எல்லை தாண்டி வாங்கிவர வேண்டாம். ஒரு வாரம் கழித்துக் காது வைத்துப் பாருங்கள். சத்தம் இருந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். ஊற்றின மரத்தில் இளநீர் வெட்டிக் குடிக்காதீர்கள், அங்கே எத்தனை நாள் சொல்கிறார்களோ அத்தனை நாளும். குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள், மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள்.

வண்டுக்கெல்லாம் ஒரே மருந்து என்று கடையில் சொன்னதற்கும் இதுதான் பதில். குருத்தில் மேலாகத் தெளிப்பது தண்டுக்குள் போகாது, தண்டுக்குள் ஊற்றுவது எருக்குழிக்குப் போகாது.

செப்டம்பர் 15

அவர் எழுதியிருக்கிறார்: முதல் வாரம் சத்தம் இருந்தது, மறுபடி ஊற்றினார், இப்போது இல்லை. நல்லது. ஆனால் காலை ஆறு மணிக்கு, காற்று இல்லாதபோது, மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மட்டை உரசுகிற சத்தமே காதை ஏமாற்றிவிடும். தண்டின் நான்கு பக்கமும் வையுங்கள்.

அக்டோபர் 2

இன்று வாளிகளைக் கொட்டினோம். கொம்பன் பொறியில் 9, அதில் பெண் 5. கள் வாளியில் செம்பன் 4, மூக்கைப் பார்த்து எண்ணினது பேரன், மூன்று வழவழ, ஒன்று மயிர். கிழக்குத் தோப்புக்காரர் தன் வாளியில் தண்ணீர் வற்றிப்போயிருந்ததாகச் சொன்னார், மண்டி ஒரு குடம் கொடுத்தனுப்பினேன்.